99.5 சதவீதம் எதற்கான எண்?

பல வகைப் புற்றுநோய்களை ஒரே ரத்த மாதிரியில் தேடும் கேலரி (Galleri) பரிசோதனை 99.5% துல்லியமானது, அதில் ‘இல்லை’ என்று வந்தால் புற்றுநோய் இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம், மாமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எல்லாம் வேண்டாம் என்று ஒரு பதிவு சுற்றுகிறது. பலர் பகிர்ந்திருப்பதால் ஒரு சின்னத் திருத்தம்.

எண் சரிதான், பொருள்தான் மாறிவிட்டது. புற்றுநோய் இல்லாத 200 பேரைச் சோதித்தால் 199 பேருக்குச் சரியாக ‘இல்லை’ என்று வரும், ஒருவருக்குத் தவறாக ‘இருக்கிறது’ என்று வரும். 99.5% சொல்வது இவ்வளவுதான். நோய் உள்ளவர்களில் எத்தனை பேரைக் கண்டுபிடிக்கிறது என்பது தனிக் கணக்கு. 2021-இல் அன்னல்ஸ் ஆஃப் ஆன்காலஜி இதழில் வெளியான ஆய்வில் அது மொத்தமாக 51.5%. நான்காம் நிலையில் 90.1%, முதல் நிலையில் வெறும் 16.8%. அதாவது முதல் நிலையில் இருக்கும் ஆறு பேரில் ஐந்து பேருக்கு ‘இல்லை’ என்றே வந்துவிடும். கட்டி சிறிதாக இருக்கும்போது அது ரத்தத்தில் உதிர்க்கும் டிஎன்ஏ மிகக் குறைவு. தேடிப் பிடிப்பது கஷ்டம். (தொழில்நுட்பம் மோசம் என்று சொல்லவில்லை, எனக்கும் இதில் ஆர்வம் உண்டு.)

என்னை நம்ப வேண்டாம். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் (PubMed) தளத்தில் க்ளைன் (Klein) என்ற முதல் ஆசிரியர் பெயர், இதழ், ஆண்டு மூன்றையும் போட்டுத் தேடுங்கள். காசு கட்டாமலே படிக்கக்கூடிய சுருக்கத்தில் ஸ்பெசிஃபிசிட்டி (நோய் இல்லாதவர்களுக்குச் சரியாக ‘இல்லை’ என்று வருவது) 99.5%, சென்சிடிவிட்டி (நோய் உள்ளவர்களைக் கண்டுபிடிப்பது) 51.5% என்று இரண்டும் அடுத்தடுத்து இருக்கும். அப்புறம், வழக்கமான பரிசோதனைகளோடு சேர்த்தே இதைச் செய்ய வேண்டும் என்று தயாரிப்பு நிறுவனமான கிரெயிலே தன் தளத்தில் சொல்கிறது.