துண்டான விரலை நேரடியாக ஐஸில் போடாதீர்கள்
லேத்தை (இரும்பு கடையும் மெஷினை) நகர்த்தும்போது விரல் துண்டானால் அப்படியே ஐஸில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஐஸ் நேராகப் பட்டால் சதை உறைந்து கெட்டுவிடும், அப்புறம் டாக்டர் நினைத்தாலும் ஒட்ட முடியாமல் போகலாம். சுத்தமான துணியை லேசாக நனைத்துப் பிழிந்து விரலைச் சுற்றுங்கள், தண்ணீர் புகாத பிளாஸ்டிக் கவரில் போட்டு வாயை இறுக்கிக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் போட்ட தண்ணீரில் வையுங்கள்.

பெங்களூரு பீனியா தொழிற்பேட்டையில் எங்கள் ஷெட்டில், உருளும் குழாய்மேல் மெஷினைத் தள்ளியபோது கோணலாகப் போன குழாயைக் கையாலேயே நேராக்கப் பார்த்த தம்பிக்கு நடுவிரல் போனது. கிளவுஸ் போட்டிருந்தான், கிளவுஸுக்குள்ளேயே விரல் கிடந்தது. பதற்றத்தில் ஜூஸ் கடை ஐஸில் நேராகப் போட்டோம், ஒட்ட முடியவில்லை. குழாயைக் கம்பியால் தட்டித் திருப்புங்கள், கை வேண்டவே வேண்டாம். அடிபட்ட கையில் மோதிரம் இருந்தால் வீங்கும் முன் கழற்றிவிடுங்கள்.