பழைய கோயிலுக்குக் கம்பி பிரஷ் எதற்கு?

அந்த வீடியோவை நம் பர்மாத் தமிழ் ஆட்களில் பார்க்காதவர் இனி யாரும் இருக்க மாட்டார்கள். பர்மாவின் பழைய கோயில் நகரமான பகானில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு சின்னச் செங்கல் கோயிலுக்கு நம் ரங்கூன் தம்பிகள் சோப்புத் தண்ணீர் ஊற்றி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, விரிசலில் சிமெண்ட் அப்பி, சுண்ணாம்பும் அடித்துவிட்டார்கள். ‘உழவாரப் பணி’ என்று தலைப்பு. ‘தயவுசெய்து கைவைக்காதீர்கள்’ என்று கீழே ஒரு வரி எழுதினேன். அதற்கு என்னைத் திட்டி வந்த பதில்களைத்தான் பார்த்தீர்களே.

நான் சொல்வது ஒன்றுதான். தொல்லியல் இடத்தில் தொண்டு செய்ய வருகிறவர் முதலில் கையைக் கட்டிக்கொண்டு, தெரிந்தவர் சொல்வதைக் கேட்க வேண்டும். கேட்காமல் செய்தால் சேதம். நல்ல மனதோடு செய்தாலும் சேதம்தான்.

அந்தச் செங்கல் எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுப் பழசு. மண் சாந்து வைத்துக் கட்டி, மேலே சுண்ணச்சாந்து பூசியிருப்பார்கள். தண்ணீரை ஊற்றினால் செங்கல் குடித்துக்கொள்ளும். காயும்போது உள்ளே இருக்கிற உப்பு மேலே பூத்து, முகப்பையே பொடியாக உதிர்த்துவிடும். சிமெண்ட் அதைவிட மோசம். பழைய செங்கல்லைவிடக் கெட்டியானது, ஈரத்தை வெளியே விடாது. கடைசியில் சிமெண்ட் நிற்கும், பக்கத்தில் இருக்கும் செங்கல் கரையும். சுவரில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கியதற்கு வீடியோவில் கைதட்டல் வேறு. வேரைப் பிடுங்கினால் வேரோடு செங்கல்லும் வரும். வெட்டிவிட்டு, வேரை அங்கேயே சாகவிட வேண்டும்.

‘நீ ரங்கூனில் உட்கார்ந்து போன் தட்டுகிறவன், அவர்களாவது போனார்கள்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நானும் போனவன்தான் ஐயா. 2016 ஆகஸ்ட் 24, 6.8 நிலநடுக்கம். ஏறக்குறைய 400 கோயில்கள் அடிபட்டன. செய்தி கேட்டு நாங்கள் சில பேர் பஸ் ஏறிப் போனோம். போன வேகத்தில் எங்களோடு வந்த மோல்மேன் தம்பி ஒருவன் விழுந்து கிடந்த செங்கல்லை எல்லாம் ஒரு மூலையில் குவிக்கத் தொடங்கினான். அங்கே வேலை பார்த்த வயதான சயா (பர்மியில் ஆசிரியர்) ஒருவர் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். திட்டவில்லை. ஒரு செங்கல்லைத் திருப்பிக் காட்டினார். பக்கவாட்டில் எழுத்து, ஈரமண்ணில் அச்சு அழுத்திய எழுத்து. அந்தச் செங்கல்லைச் சுட்டுக் கொடுத்த ஊரின் பெயராம். ‘இது எங்கே விழுந்து கிடக்கிறது என்று தெரிந்தால், சுவரின் எந்தச் செங்கல் வரிசையிலிருந்து விழுந்தது என்று சொல்லலாம். குவித்துவிட்டால் வெறும் செங்கல்’ என்றார். அப்புறம் எங்களுக்கு என்ன வேலை? டேப் பிடிப்பது, நம்பர் எழுதுவது, படம் எடுப்பது, உதிர்ந்த சுதைத் துண்டுகளைத் தட்டில் தனித்தனியாக வைப்பது. வெயிலில் மண்டை காய்ந்தது. ஒரு செங்கல்லைக்கூட நாங்கள் திரும்ப அடுக்கவில்லை. தொண்டு என்றால் அதுதான் தொண்டு.

அவசரத்தில் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் பகானே சாட்சி. 1990களில் நன்கொடைப் பணத்தில், புதுச் செங்கல்லும் சிமெண்டுமாக அள்ளிக் கட்டினார்கள். 2016இல் சூலாமணி கோயிலின் உச்சி சரிந்ததே, அது அப்படித் திரும்பக் கட்டிய உச்சி. 1996இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலுக்கு விண்ணப்பித்த பகானுக்கு 2019இல்தான் இடம் கிடைத்தது; இப்படி அள்ளிக் கட்டியதும் அந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம்.

‘அரசுத் துறை எட்டிப் பார்ப்பதில்லையே’ என்கிறீர்கள். உண்மை. 3,500க்கு மேல் கோயில்கள், பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. அதனால்தான் தொண்டர்கள் வேண்டும் என்கிறேன், வேண்டாம் என்று எங்கே சொன்னேன்? குப்பை பொறுக்குங்கள். ஏறி நிற்கிறவர்களைத் தடுங்கள். மழைக்கு முன்னும் பின்னும் அதே இடத்தில் நின்று படம் எடுத்து, விரிசல் வளர்கிறதா என்று எழுதி அனுப்புங்கள். ‘நாடு இருக்கிற நிலையில் கல்லைப் பற்றிப் பேசலாமா’ என்பவர்களுக்கு: மனிதர்தான் முதலில், 2025 மார்ச் நிலநடுக்கத்திலும் அப்படித்தான் ஓடினோம். அதற்காகக் கோயிலைத் தேய்த்துக் கெடுக்கலாம் என்று ஆகிவிடாது.

‘இது சாமி இருக்கிற இடம், மியூசியம் இல்லை’ என்ற பதில்தான் என்னைத் தூங்கவிடவில்லை. நான் விபூதி பூசாமல் வெளியே கிளம்பாதவன். பகானில் கிடைத்த ஒரு கல்லில் தமிழ் எழுத்து இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டு. மலைமண்டலத்து (இன்றைய கேரளம்) மகோதயர்பட்டணத்திலிருந்து வந்த குலசேகர நம்பி என்பவர், நானாதேசி விண்ணகரம் என்ற விஷ்ணு கோயிலுக்கு மண்டபம் கட்டி, கதவு போட்டு, நின்றெரிய நிலைவிளக்கு ஒன்றும் கொடுத்ததாக எழுதி வைத்திருக்கிறார். அந்த மண்டபம் இல்லை, கதவு இல்லை, விளக்கு இல்லை. எழுத்து இருக்கிறது. யாராவது புண்ணியவான் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்திருந்தால் அதுவும் இருந்திருக்காது. தாத்தா எழுதிய கடிதம் அழுக்காக இருக்கிறதென்று சோப்புப் போட்டு அலசுவோமா?

என்னை ‘பர்மாக்காரனுக்குச் சொம்பு தூக்குகிறவன்’ என்றும் ஒருவர் எழுதினார். என் தாத்தா 1942இல் ஜப்பான் படை வந்து, ஊரே இந்தியாவுக்கு நடந்து போனபோது போகாமல் நின்றவர். 1964இல் அரசு கடைகளை எடுத்துக்கொண்ட பிறகு கப்பல் கப்பலாக ஆள் இந்தியாவுக்குப் போனபோது அப்பா போகாமல் நின்றவர். கடை போயிற்று, தமிழ்ப் பள்ளிக்கூடம் போயிற்று, பக்கத்து வீட்டு மாமாவும் அத்தையும் போனார்கள். இந்த மண்ணில் நாம் இருந்தோம் என்று காட்ட நம்மிடம் என்ன மிச்சம் இருக்கிறது? அதைக் காப்பாற்றுங்கள் என்று சொன்னதற்கா இந்தப் பேச்சு?

சரி. அந்தத் தம்பிகள் மேல் எனக்குக் கோபம் இல்லை, கூப்பிட்டால் அவர்களோடு நானும் போவேன். இப்போது வேண்டியது ஒன்று. பிரஷ் படுவதற்கு முன் அந்தக் கோயிலை யாராவது படம் எடுத்திருந்தால், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, எனக்கு அனுப்புங்கள். முக்கியமாக வடக்குச் சுவர், வாசல் வளைவின் சுதை வேலை. எந்த ஆண்டு எடுத்தது என்று நினைவிருந்தால் அதையும் எழுதுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து, என்ன நடந்தது என்று ஒளிக்காமல் எழுதி, பகான் தொல்லியல் அலுவலகத்தில் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.