ஆன்லைனில் விலை குறையுது சரி, சரக்கைச் சரிபார்க்கிற வேலை யாருடையது?

பெங்களூரில் அல்சூர், மர்ஃபி டவுன், ஸ்ரீராமபுரம் என்று நம்ம தமிழ் ஆட்கள் இருக்கிற எந்தத் தெருவுக்குப் போனாலும், உப்பு முதல் ஃபிரிட்ஜ் வரை இப்போது அட்டைப்பெட்டியில்தான் வந்து இறங்குகிறது. அதில் தப்பு ஒன்றும் இல்லை. பெங்களூர் டிராஃபிக்கில் சிக்பேட்டை வரை போய், வண்டி நிறுத்த இடம் தேடி அலைகிற பாடு எல்லாருக்கும் தெரியும்.

ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறோம். கடையில் மிக்சி வாங்கினால், பெட்டியைப் பிரித்து, பிளக்கில் சொருகி ஓட்டிக் காட்டி, கேரண்டி அட்டையில் சீல் குத்திக் கொடுப்பவர் கடைக்காரர். அந்த வேலைக்கான கூலியும் அவர் சொல்கிற விலையில் அடக்கம். ஆன்லைனில் அந்தக் கூலி கழிந்துபோகிறது, வேலை மட்டும் நம் தலையில் விழுகிறது. நம்மில் பலர் அதைச் செய்வதே இல்லை. பிறகு ரீஃபண்டுக்கு அலையும்போது ஆன்லைனே மோசம் என்று திட்டுகிறோம்.

முதலில் பார்க்க வேண்டியது விலையை அல்ல, விற்பவர் பெயரை. அமேசானும் ஃபிளிப்கார்ட்டும் இந்தியாவில் நமக்கு நேரடியாகப் பொருள் விற்பதில்லை. வெளிநாட்டு முதலீட்டில் நடக்கும் தளம் சொந்தச் சரக்கை வைத்து ஆன்லைனில் சில்லறை விற்பனை செய்யக்கூடாது என்பது அந்நிய முதலீட்டு விதி. அவர்கள் நடத்துவது சந்தை, அதில் கடை போட்டிருப்பவர் வேறு ஆள். ஒரே மிக்சியின் பக்கத்தில் ஐந்தாறு விற்பனையாளர்கள் இருக்கலாம். வாங்கும் பட்டனை அழுத்தினால் அவர்களில் ஒருவருக்குத்தான் ஆர்டர் போகும். அவர் யார் என்பது பட்டனுக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். ‘ஃபுல்ஃபில்டு’, ‘அஷ்யூர்டு’ மாதிரியான முத்திரையைப் பார்த்ததும் தளமே விற்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். பெட்டி கட்டுவது, அனுப்புவது, சேவைத் தரம் இவற்றைப் பற்றித்தான் அந்த முத்திரை பேசும். பில் போடுவது விற்பவர்தான்.

அந்தப் பெயரைத் தொட்டால் முகவரியும் ரேட்டிங்கும் வரவேண்டும். 2020-இல் வந்த மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி விற்பவரின் பெயர், முகவரி, வாடிக்கையாளர் சேவை எண் எல்லாவற்றையும் தளம் காட்டியாக வேண்டும். ரேட்டிங்கில் நட்சத்திரத்தை விட எண்ணிக்கையைப் பாருங்கள். பதினைந்து பேர் போட்ட ஐந்து நட்சத்திரத்தை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. அடுத்ததாக, அந்த பிராண்டின் சொந்த வெப்சைட்டில் அங்கீகரிக்கப்பட்ட ஆன்லைன் விற்பனையாளர் பட்டியல் இருக்கிறதா என்று தேடுங்கள். அதில் இல்லாத ஆளிடம் வாங்கினால், பழுது வரும்போது சர்வீஸ் சென்டரில் பில்லைப் பார்த்துவிட்டு வாரண்டி கிடையாது என்று சொல்ல வாய்ப்பிருக்கிறது. இருநூறு ரூபாய் குறைவு என்பதற்காக அந்த ரிஸ்க் வேண்டாம் என்பது என் கருத்து.

தரமுத்திரையும் அப்படித்தான். வீட்டு பிரஷர் குக்கருக்கு ஐஎஸ்ஐ முத்திரை 2021 பிப்ரவரி முதல் கட்டாயம், அதற்கான தரம் ஐஎஸ் 2347. அப்படியும் முத்திரை இல்லாத குக்கர்கள் பெரிய தளங்களிலேயே விற்றன. 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசானில் விற்ற 2,265 குக்கர்களையும் ஃபிளிப்கார்ட்டில் விற்ற 598 குக்கர்களையும் திரும்பப் பெற்றுப் பணம் கொடுக்கச் சொல்லி, ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் போட்டது. குக்கர் வெடித்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. முத்திரைக்குக் கீழே ‘சிஎம்/எல்’ என்று தொடங்கும் லைசன்ஸ் எண் இருக்கும். பிஐஎஸ் கேர் என்ற அரசு ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால், எந்த கம்பெனிக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று வந்துவிடும். ஹெல்மெட்டுக்கும் இதே வழி. சார்ஜர், பவர் பேங்க் மாதிரி எலக்ட்ரானிக் சாமான்களில் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணைப் பாருங்கள்.

இனி விலை. கோடு போட்டு அடித்த விலைக்கும் விற்கிற விலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். போன மாதம் என்ன விலைக்குப் போனது என்பதுதான் கேள்வி. அமேசானுக்கு அந்த வரைபடத்தைக் கீப்பா என்ற வெப்சைட் காட்டும். ‘இரண்டுதான் மீதி’, ‘இன்னும் பத்து நிமிடத்தில் முடியும்’ என்று பொய்யாக அவசரப்படுத்துவதும், கேட்காமலே கூடையில் இன்ஷூரன்ஸ், நன்கொடை என்று சேர்த்துவிடுவதும் 2023 நவம்பரில் வந்த வழிகாட்டுதல்களில் தடை செய்யப்பட்ட 13 தந்திரங்களில் அடக்கம். ஆனாலும் பணம் கட்டும் முன் கூடையை ஒருமுறை வரிவரியாகப் படியுங்கள்.

நோ காஸ்ட் இஎம்ஐ பற்றிக் கணக்கோடு சொல்கிறேன். 30,000 ரூபாய் டிவி, மாதம் 5,000 வீதம் ஆறு மாதம். வட்டியே இல்லை என்று தோன்றும். நடப்பது வேறு. வட்டி எவ்வளவு வருமோ அவ்வளவை முதலிலேயே தள்ளுபடியாகக் கழித்துவிடுகிறார்கள், மீதிக்கு வங்கி வழக்கம்போல வட்டி போடுகிறது. ஆண்டு வட்டி 15 சதவீதம் என்றால் கடன் சுமார் 28,730, வட்டி சுமார் 1,270. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சுமார் 229 ரூபாய், அது நம் கையிலிருந்துதான் போகும். வங்கியின் பிராசசிங் ஃபீஸ் 199 என்று வைத்தால் வரியோடு 235. ஆக 460 ரூபாய்க்கு மேல் கூடுதல். மொத்தமாகக் கட்டினால் கிடைக்கிற கார்டு தள்ளுபடி இதில் கிடைக்காவிட்டால் அதுவும் நஷ்டம். கையில் பணம் இருக்கிறவர் இதில் போவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

மளிகையில் பாக்கெட்டின் எடையைப் பாருங்கள். ஒரு கிலோ மாதிரி தெரிவது 900 கிராமாகவோ 750 கிராமாகவோ இருக்கும். அதற்காகத்தான் ஒரு கிராமுக்கு, ஒரு கிலோவுக்கு என்ன விலை என்பதையும் பாக்கெட்டில் அச்சிட வைத்திருக்கிறார்கள். காலாவதி விஷயத்தில், வீட்டுக்கு வந்து சேரும் நேரத்தில் பொருளின் ஆயுளில் 30 சதவீதமோ அல்லது 45 நாளோ மீதி இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் தளங்களுக்குச் சொல்லியிருக்கிறது. பத்து நாளில் காலாவதியாகும் நெய் வந்தால் தாராளமாகத் திருப்பி அனுப்புங்கள்.

வாசலுக்குப் பெட்டி வந்த பிறகு நாம் கோட்டைவிடுவதுதான் அதிகம். நம் வீடுகளில் அதிகம் வாங்குகிற, வழியில் அதிகம் உடைகிற வெட் கிரைண்டரையே எடுத்துக்கொள்வோம். கல்லின் எடையால் பெட்டிக்குள் ஏற்படும் ஒவ்வொரு குலுங்கலும் டிரம்மின் அடியிலும் பிளாஸ்டிக் பாடியிலும்தான் இறங்கும். பெட்டியின் மூலை நசுங்கியிருந்தாலோ, டேப்பின் மேல் டேப் ஒட்டியிருந்தாலோ வாங்காமல் அப்படியே திருப்பி அனுப்புங்கள். வாசலில் மறுத்த ஆர்டருக்குப் பணம் திரும்புவது சுலபம், வாங்கி வைத்த பிறகு ரிட்டர்ன் போட்டால்தான் இழுபறி.

வாங்கினால், பிரிக்கும் முன் வீடியோவை ஓடவிடுங்கள். பெட்டியின் மேல் ஒட்டிய லேபிளும் அதன் எண்ணும் தெரியட்டும், ஆறு பக்கமும் காட்டுங்கள், இடையில் நிறுத்தாமல் கடைசி பாகம் வெளியே வரும்வரை எடுங்கள். வெட்டி ஒட்டிய வீடியோவைக் கஸ்டமர் கேரில் ஏற்க மாட்டார்கள். கிரைண்டரின் அடியில் உள்ள சீரியல் எண், பெட்டியில் உள்ளது, பில்லில் போட்டிருந்தால் அது, எல்லாம் ஒன்றுதானா என்று பாருங்கள். பிறகு ஈரத்துணியால் குழவிகளையும் டிரம்மின் அடிக்கல்லையும் துடையுங்கள். கல் முழுக்கக் காய்ந்த பிறகும் மயிரிழை போல ஒரு கோடு மட்டும் கறுப்பாக ஈரத்தோடு நிற்கும். அது விரிசல். குழவியைக் கையால் சுற்றினால் அச்சில் சிக்காமல் சுழல வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி ஒரு நிமிடம் ஓட்டுங்கள். டிரம் தள்ளாடினாலோ, ரப்பர் கருகும் வாசனை வந்தாலோ பெல்ட்டோ பொருத்தமோ சரியில்லை. கல்தூள் போக முதல் தடவை அரிசி போட்டு அரைத்துக் கொட்டுவோமே, அதை இந்தச் சோதனை முடிந்த பிறகு செய்யுங்கள். அரைத்த கிரைண்டரை ‘பயன்படுத்தியது’ என்று சொல்லி ரிட்டர்னை மறுக்க அது ஒரு சாக்காகிவிடும்.

விலை கூடிய மொபைலுக்குத் திறந்து காட்டிக் கொடுக்கும் டெலிவரி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். ஆனால் போனைக் கையில் வாங்கிப் பார்க்கும்வரை ஓடிபி சொல்லக் கூடாது. ஓடிபி சொன்னால் ‘சரியாக வந்தது’ என்று ஒப்புக்கொண்டதாகத்தான் கணக்கு. *#06# போட்டு வரும் ஐஎம்இஐ எண் பெட்டியில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். இதையெல்லாம் பார்க்கும்போது டெலிவரிக்கு வந்த தம்பியிடம் எரிந்து விழாதீர்கள். பணத்தைத் திருப்பித் தருவது அவர் கையில் இல்லை, அடுத்த பார்சலுக்கு அவர் நேரம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அபார்ட்மெண்டில் இருப்பவர்கள் செக்யூரிட்டியிடம் வைக்கச் சொல்வது சோப்புக்கும் துணிக்கும் சரி. விலை கூடிய பொருளுக்கு வேண்டாம். கேட்டில் வைத்த நிமிடத்திலிருந்தே ரிட்டர்ன் நாள் ஓட ஆரம்பித்துவிடும். வாஷிங் மெஷின், வாட்டர் ப்யூரிஃபையர் இரண்டிலும் இதே நாள் கணக்குதான் சிக்கல். கம்பெனி ஆள் வந்துதான் பெட்டியைப் பிரிக்க வேண்டும் என்பார்கள், அவர் வருவதற்குள் ரிட்டர்ன் காலம் கரைந்துவிடும். பொருள் வந்த அன்றே இன்ஸ்டலேஷன் புக் செய்து, கோரிக்கை எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். ப்யூரிஃபையர் வாங்கும் முன் உங்கள் வீட்டுத் தண்ணீரின் டிடிஎஸ்ஸை, அதாவது அதில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவை, அளந்துவிடுங்கள். காவிரித் தண்ணீர் மட்டும் வருகிற வீட்டுக்குப் பெரும்பாலும் ஆர்ஓ தேவைப்படாது. போர்வெல்லும் டேங்கரும் கலந்து வந்து டிடிஎஸ் 500-ஐத் தாண்டினால் ஆர்ஓ வாங்குங்கள்.

சில சாமான்களைக் கடையில்தான் வாங்க வேண்டும் என்பேன். எவர்சில்வர் பாத்திரம் அதில் முதலாவது. பாத்திரக் கடையில் தராசில் போட்டுத் தருவார்கள், கனம் கையிலேயே தெரியும். ஆன்லைனில் விட்டமும் லிட்டரும் போட்டிருப்பார்கள், தகட்டின் கனம் இருக்காது. பட்டுப்புடவையும் அப்படியே. திரையில் பார்க்கிற அரக்கு வேறு, வெயிலில் பார்க்கிற அரக்கு வேறு. கம்ப்யூட்டர் பாகங்களுக்கு, அந்தக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் விலை கேட்டுவிட்டு ஆன்லைனைப் பாருங்கள், பல நேரம் கடையிலேயே குறைவாக இருக்கும்.

ரீஃபண்ட் கேட்கும்போது வாலட்டில் வாங்காமல், பணம் போன வழியிலேயே திரும்பக் கேளுங்கள். போட்டுவிட்டோம் என்று அவர்கள் சொல்லியும் வரவில்லையா? யுபிஐ என்றால் யுடிஆர் எண், கார்டு என்றால் ஏஆர்என் எண் கேட்டு வாங்கி வங்கியில் கொடுங்கள், எங்கே நிற்கிறது என்று தேடிச் சொல்வார்கள்.

பழுதான, போலியான, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்லவே முடியாது. 2020 விதிகளில் அது தெளிவாக இருக்கிறது. சாட்டில் மூன்று பேர் மாறி மாறி மன்னிப்புக் கேட்டாலும் காரியம் நடக்காவிட்டால், ஆப்பின் அடியில் இருக்கும் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் போடுங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதில் வர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதோடு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கும் போன் போடுங்கள், தமிழிலேயே பேசலாம். அதிலும் முடியாவிட்டால் இ-ஜாக்ரிதி என்ற அரசு வெப்சைட்டில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, கால அவகாசம் இரண்டு ஆண்டு. விற்பவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற பெங்களூரிலேயே போடலாம். பில், வீடியோ, சாட் ஸ்கிரீன்ஷாட், மெயில் நகல் எல்லாவற்றையும் இணையுங்கள். எதிர்த்தரப்பு என்ற இடத்தில் விற்பவர், தளம் இரண்டு பேரையும் போடுங்கள். ஒருவரை மட்டும் போட்டால் அவர் மற்றவரைக் கைகாட்டிவிட்டு நழுவப் பார்ப்பார்.