ஒரு ஜோடிக் கொலுசில் இரண்டு ஆப்ஜெக்ட்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் தெருவில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் உண்டு. மாலையில் என் வீட்டில் நிரலாக்கம் கற்க வரும் கல்லூரிப் பிள்ளைகள் அந்தப் பட்டறைகளின் சத்தத்தைக் கடந்துதான் வருகிறார்கள். அவர்களிடம் கிளாஸ் என்றால் என்ன என்று கேட்டால் எல்லோரும் ஏறத்தாழ ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: கிளாஸ் ஓர் அச்சு, ஆப்ஜெக்ட் அந்த அச்சிலிருந்து எடுத்த பொருள். சரி என்று ஐந்தாறு வரி நிரல் ஒன்றை எழுதி, இது ஓடி முடியும்போது எத்தனை ஆப்ஜெக்ட்டுகள் இருக்கும் என்று கேட்டால், பெரும்பாலும் அமைதிதான் பதிலாகக் கிடைக்கிறது.

இந்த அமைதிக்குக் காரணம் பிள்ளைகளின் திறமைக்குறைவு என்று நான் நம்பவில்லை. முதலில் வர வேண்டியதை இரண்டாவதாகச் சொல்லிக்கொடுக்கிறோம். ஆப்ஜெக்ட்டைக் கண்ணால் பார்த்துக் கையால் எண்ணிப் பழகாத ஒருவருக்குக் கிளாஸின் இலக்கணத்தைச் சொன்னால், அது மனப்பாடமாக மட்டுமே மனத்தில் தங்கும்.

எனவே நான் ஒரு ஜோடிக் கொலுசை மேசைமேல் வைத்துத் தொடங்குகிறேன். இரண்டும் தலா 50 கிராம், ஒரே வேலைப்பாடு, ஒரே நீளம். தராசில் வைத்தாலும் அளந்து பார்த்தாலும் வேறுபாடு தெரியாது. ஆனாலும் அவை ஒரே கொலுசு அல்ல, ஏனெனில் ஒன்றின் கண்ணி அறுந்தால் மற்றொன்றுக்கு எதுவும் ஆவதில்லை. மதிப்பில் சமமாக இருப்பதும் அதுவேயாக இருப்பதும் வேறு வேறு என்பதை இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பைத்தான் நிரல்மொழியில் ‘இஸ்’ என்று கேட்பது அதே கொலுசா என்ற கேள்வி. இரட்டைச் சமக்குறியால் கேட்பது இரண்டும் சமமா என்ற கேள்வி. எதைக்கொண்டு சமம் என்று கருத வேண்டும் என்பதை நம்முடைய கிளாஸில் நாமே எழுதித் தர வேண்டும். எழுதாவிட்டால் அந்த இரண்டாவது கேள்விக்கும் அதே கொலுசா என்பதைப் பார்த்தே பைத்தான் பதில் சொல்லும்.

அடுத்தது பெயர். வீட்டில் ‘பாப்பா கொலுசு’ என்று அழைக்கப்படுவது அடகுக் கடைப் பதிவேட்டில் ஓர் எண்ணாக இருக்கும். பெயர்கள் இரண்டு, கொலுசு ஒன்று. நிரலில் ‘முதல்’ என்ற பெயரில் ஒரு கொலுசை உருவாக்கிவிட்டு, அடுத்த வரியில் ‘மற்றது’ என்பதற்கு ‘முதல்’ என்று சமக்குறி போட்டு எழுதினால், பைத்தானிலும் ஜாவாவிலும் புதிய கொலுசு எதுவும் பிறப்பதில்லை. அளவு பெரிதாக இருக்கிறதென்று இரண்டு கண்ணிகளை எடுத்து, ‘மற்றது’ என்ற பெயரின் வழியாக எடையை 48 என்று மாற்றினால், ‘முதல்’ என்று கேட்டாலும் 48 என்றே வரும். சி பிளஸ் பிளஸில் இதே சமக்குறி சாதாரண மாறிகளுக்கு நகலொன்றை உருவாக்கிவிடும் என்பதால், அதை முதலில் படித்துவிட்டுப் பைத்தானுக்கு வருகிறவர்கள் இந்த இடத்தில் கட்டாயம் நின்று யோசிக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் கிளாஸ் என்ற சொல் தேவைப்படவில்லை. ஒவ்வொரு கொலுசுக்கும் தனித்தனியாக எடை உண்டு, வெள்ளி விலையோ எல்லாக் கொலுசுக்கும் பொதுவானது, விலையைக் கணக்கிடும் முறையும் ஒன்றுதான். பொதுவானதையெல்லாம் ஒவ்வொன்றிலும் திரும்பத் திரும்ப எழுதுவானேன் என்று ஒரு பிள்ளை கேட்கும்போதுதான் கிளாஸ் உள்ளே வர வேண்டும். எடை ஆப்ஜெக்ட்டின் சொத்து. இன்றைய வெள்ளி விலை கிளாஸில் ஒரே இடத்தில் இருக்க வேண்டியது. காலையில் அந்த ஓரிடத்தில் மாற்றினால் போதும், எந்தக் கொலுசிடம் விலை கேட்டாலும் புதிய கணக்கே வரும்.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. போன மாதம் ஏற்காட்டிலிருந்து பேருந்தில் இறங்கி வந்து படிக்கும் மாணவி ஒருவர், ஒவ்வொரு கொலுசும் எத்தனை முறை பற்றவைக்கப்பட்டது என்பதைக் குறித்துக்கொள்ள ஒரு வெற்றுப் பட்டியலை நேரடியாகக் கிளாஸின் உடலில் எழுதிவிட்டார். ஒரு கொலுசைப் பழுதுபார்த்ததாகப் பதிந்ததும், புதிதாகச் செய்த கொலுசு உட்பட எல்லாக் கொலுசிலும் அதே பழுது தெரிந்தது. “கம்ப்யூட்டர் தப்பாச் சொல்லுதுக்கா” என்றார். தப்பில்லை; பட்டியல் ஒன்றுதான் இருந்தது, எல்லாக் கொலுசும் அந்த ஒன்றையே பார்த்தன. ஆப்ஜெக்ட் பிறக்கும்போது ஓடும் ஆக்கிக்குள் ‘செல்ஃப்’ என்று சேர்த்து அந்தப் பட்டியலை எழுதிய பிறகே ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டியல் கிடைத்தது. ‘செல்ஃப்’ என்ற சொல்லில் மந்திரம் எதுவும் இல்லை என்பதும் அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது. விலை கணக்கிடும் முறை கிளாஸில் ஒருமுறை மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது. எந்தக் கொலுசுக்காக இப்போது கணக்கிடுகிறோம் என்று அந்த முறைக்குச் சொல்லும் இடமே ‘செல்ஃப்’.

அச்சு உவமை எனக்குப் போதாமல் போவதும் இதனால்தான். பட்டறையில் அச்சிலிருந்து வெளியே வந்துவிட்ட கொலுசுக்கு அந்த அச்சோடு எந்த உறவும் இல்லை. அச்சை உருக்கினாலும் கொலுசு அப்படியே இருக்கும். நிரலில் உள்ள ஆப்ஜெக்ட் தன் கிளாஸை விட்டுப் பிரிவதில்லை. பைத்தானில் நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே கிளாஸில் விலை கணக்கிடும் முறையை மாற்றினால், ஏற்கெனவே உருவான கொலுசுகளும் புதிய முறைப்படியே விலை சொல்லும். பாடநூல்களில் வரும் ‘இனக்குழு’ என்ற சொல் வேறு விதமாக வழிமாற்றுகிறது. குழு என்றதும் பல கொலுசுகள் சேர்ந்த கூட்டம் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் கிளாஸ் அதன் ஆப்ஜெக்ட்டுகளின் தொகுப்பு அல்ல, நாமாக எழுதிவைத்தாலொழிய இதுவரை எத்தனை உருவாயின என்ற கணக்குகூட அதனிடம் இராது.

வரலாறும் என் பக்கம் நிற்கிறது என்றே நினைக்கிறேன். ஒஸ்லோவில் நார்வே கணினி மையத்தில் ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் இருவரும் 1960-களில் சிமுலா மொழியை உருவாக்கியது, காத்திருப்போர் வரிசை போன்ற உலக நடப்புகளைக் கணினியில் நடத்திப் பார்ப்பதற்காகத்தான். தனித்தனியாக இயங்கும் பொருள்கள் அவர்களுடைய முதல் சிமுலாவிலேயே இருந்தன. கிளாஸ் என்ற கருத்து சிமுலா 67-இல்தான் வந்தது. இப்பணிக்காக இருவருக்கும் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது 2001-ஆம் ஆண்டுக்குக் கிடைத்தது. 1995-இல் வந்த ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலும் ஆப்ஜெக்ட் முதல் நாளிலிருந்தே இருந்தது. கிளாஸ் என்று எழுதும் வசதி 2015-இல்தான் சேர்ந்தது.

2025-இல் வந்த ஜாவா 25-க்கு முந்தைய பதிப்புகளில் கிளாஸ் என்று எழுதாமல் முதல் நிரலையே எழுத முடியாதே என்று ஆசிரிய நண்பர்கள் கேட்பது நியாயமானது. அந்த வெளிக்கூட்டை முதல் சில நாட்கள் விளக்காமல் விட்டுவிட்டு, மொழியே ஆயத்தமாகத் தரும் எழுத்துச் சரங்களையும் பட்டியல்களையும் ஆப்ஜெக்ட்டுகளாக எடுத்துப் புழங்கலாம் என்பதே என் பதில்.

கல்லூரி வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ‘கிளாஸ், ஆப்ஜெக்ட் வரையறு’ என்ற இரண்டு மதிப்பெண் கேள்வியை எடுத்துவிட்டு, ஐந்து வரி நிரல் ஒன்றைக் கொடுங்கள்: இரண்டு கொலுசுகளை உருவாக்கி, மூன்றாவது பெயரொன்றை முதல் கொலுசுக்கே சூட்டி, அந்தப் பெயரின் வழியாக எடையை மாற்றி, பின்பு கிளாஸில் வெள்ளி விலையை மாற்றும் நிரல். இறுதியில் எத்தனை ஆப்ஜெக்ட்டுகள் உள்ளன, எந்தப் பெயரிலிருந்து எதற்கு அம்புக்குறி செல்கிறது, ஒவ்வொன்றின் எடையும் விலையும் என்ன என்று கட்டம் போட்டு வரையச் சொல்லுங்கள்.