பாலைவனத்துப் பாறைக்குக் குங்குமம் வைக்காதீங்க

எந்த வீடியோ என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நம்ம டர்பன் குரூப் எல்லாவற்றிலும் அதுதான் சுற்றுகிறது. தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கும் ரிக்டர்ஸ்வெல்ட் பாலைவனப் பூங்கா, அதில் கோக்கர்பூம்க்ளூஃப் முகாம் பக்கம், பிள்ளையார் சாயலில் ஒரு கிரானைட் பாறை. நம்ம ஆட்கள் சிலர் அதன் அடி வரைக்கும் பக்கியை (பிக்அப் வண்டியை) ஓட்டிப் போய், நல்லெண்ணெய் தடவி, மஞ்சள் குங்குமம் பூசி, கல் மேலேயே சூடம் கொளுத்தியிருக்கிறார்கள். வீடியோவுக்குக் கீழே கமெண்டில் வரிசையாக ‘ஓம்’.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அந்த மண்ணில் பட்டது ஆறாது.

டர்பனில் வருஷத்துக்கு 1,000 மி.மீ. அளவில் மழை. எதைக் கொட்டினாலும் கழுவிக்கொண்டு போய்விடும். அங்கே பெரும்பாலான இடங்களில் 100 மி.மீ. கூடக் கிடையாது. எண்ணெய் கல்லின் நுண்துளைகளில் இறங்கும், புழுதி அதன்மேல் ஒட்டும், கறை வருஷக்கணக்கில் நிற்கும். சூடத்தின் சூட்டில் கிரானைட்டுக்குள் இருக்கும் கனிமங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் விரிவதால் மேல்தோல் சில்லுச் சில்லாகப் பெயரும். பாலைவனப் பாறையில் பார்க்கும் அந்தக் கரும்பழுப்புப் பூச்சு இரும்பும் மாங்கனீசும் படிந்து உண்டானது. அது படிய ஆயிரக்கணக்கான வருஷம் ஆகும். பெயர்ந்தால் நம் பேரன் காலத்திலும் திரும்பி வராது.

டயர் தடம் இதைவிட மோசம். அந்தத் தரையைக் குனிந்து பாருங்கள். மேலே பொடிக்கற்கள் நெருக்கிப் பதித்து வைத்தது போல இருக்கும், அடியில் மென்புழுதி. கற்களுக்கு நடுவே பட்டாணி அளவில் கோனோஃபைட்டம் செடிகள். கோடையில் காய்ந்த தோலுக்குள் ஒடுங்கிக் கிடக்கும்போது கல்லுக்கும் செடிக்கும் வித்தியாசமே தெரியாது. வண்டி ஏறினால் கற்கள் உள்ளே அமுங்கிப் புழுதி வெளியே வருகிறது. அதைக் காற்று அள்ளிக்கொண்டு போகிறது. எப்போதாவது பெய்யும் மழையும் அந்தப் பள்ளத்திலேயே ஓடி அரிக்கிறது. தடம் பல பத்தாண்டுகள் அப்படியே கிடக்கும். அடுத்து வருகிறவர் அதையும் பாதை என்று நினைத்து வண்டியை விடுவார்.

“பாதை முழுக்க அலையலையாக இருந்தது, அதனால் ஓரமாக இறக்கினோம்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். டயரில் காற்றைக் குறைத்திருக்க வேண்டும் சார். கற்பாதையில் 1.8 பார் அழுத்தம், மணலில் 1.2 வரைக்கும் போகலாம். மணல் முடிந்ததும் திரும்ப ஏற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் பிதுங்கி நிற்கும் பக்கச் சுவரைக் கூர்கல் கிழித்துவிடும், அதற்குப் பஞ்சர் போட முடியாது. கம்ப்ரஸரும் இரண்டு ஸ்டெப்னியும் இல்லாமல் அங்கே போகவே கூடாது. சாதாரணக் காருக்கு அனுமதி இல்லை, ஃபோர் பை ஃபோரோ தரையிலிருந்து உயர்ந்து நிற்கும் வண்டியோ வேண்டும். கோக்கர்பூம்க்ளூஃப் முகாமில் தண்ணீர் கிடையாது. ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்று கொண்டு போங்கள், வண்டி நின்றுபோனால் வேண்டும் என்று அதற்கு மேலும் வையுங்கள். பிராய் (நெருப்பில் இறைச்சி சுடுவது) போட விறகும் இங்கிருந்தே. அங்கே கிடக்கும் காய்ந்த சுள்ளியைத் தொடாதீர்கள், அதன் அடியில் பல்லியும் தேளும் குடியிருக்கின்றன.

“இத்தனை பெரிய பாலைவனத்தில் ஒரு சூடம் என்ன செய்துவிடும்?” என்று குரூப்பில் கேட்கிறார்கள். இதற்கு மேலேயே பதில் சொல்லிவிட்டேன்.

“சாமி கும்பிடுவதைக் குறை சொல்கிறாயா?” இதுதான் வலிக்கிறது. ஆடி மாதம் கஞ்சி ஊற்றும் வீட்டில் பிறந்தவன் நான். பாறையில் பிள்ளையார் தெரிந்தால் கை கூப்புங்கள், தேவாரம் பாடுங்கள், ஒருவரும் தடுக்கப் போவதில்லை. சூடத்தைத் தட்டில் வைத்து முகாமில் காட்டுங்கள். அந்த ஊர்ப் பூர்வகுடிகளான நாமா மக்களுக்கும் வழிபாடு உண்டு. அவர்கள் கதைகளில் வரும் முன்னோர் நாயகன் ஹெய்ட்சி-எய்பிப் பெயரால் நிற்கும் கற்குவியலைக் கடக்கிறவர்கள் ஒரு கல் வைத்துவிட்டுப் போவது அவர்கள் மரபு. அந்தக் குவியலில் எவனோ பெயிண்ட் அடித்தால் நாம் ஒத்துக்கொள்வோமா?

“நம்மாளுங்க இப்பத்தான் நாலு இடம் பார்க்கக் கிளம்பியிருக்காங்க, அதுக்குள்ள ஆரம்பிச்சிட்டியா?” இதைப் படித்ததும் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை. டர்பனிலிருந்து ப்ளூம்ஃபோன்டெய்ன், கிம்பர்லி, அப்பிங்டன் வழியாகத்தானே போனீர்கள்? வழியில் வரும் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் இந்தியர் குடியிருக்கக் கூடாது என்ற 1891ஆம் ஆண்டுச் சட்டம் 1986 வரைக்கும் இருந்தது. லாரி ஓட்டிய என் பெரியப்பா அந்த எல்லையைத் தாண்டும்வரை எங்கும் வண்டியை நிறுத்திக் கண்ணயர மாட்டார். நமக்கு வழி திறந்ததில் என்னைவிடச் சந்தோஷப்பட்டவன் இருக்க முடியாது. அதனால்தான் இத்தனை கோபம்.

நாமா மக்களும் நிலத்தை இழந்தவர்கள்தான். கடலோரத்தில் வைரம் கிடைத்த மண்ணைப் பறிகொடுத்து, நீதிமன்றம் ஏறி, 2003இல் அரசியல் சாசன நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். 1991இல் பூங்கா வந்தபோதும் ஆடு மேய்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. இன்றும் அவர்கள் ஆடு அதே சமவெளியில்தான் மேய்கிறது. நம்மைத் துரத்திய கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் நாம், அவர்கள் உரிமையை விடாமல் காத்த மண்ணில் இப்படியா நடந்துகொள்வது?

போனவர்களுக்கு ஒன்று. திரும்பப் போய்க் கம்பி பிரஷ்ஷும் சோப்பும் போட்டுத் தேய்க்காதீர்கள், மிச்சமிருக்கும் தோலும் உரிந்து வரும். ஸென்டெலிங்ஸ்டிரிஃப்டில் இருக்கும் பூங்கா அலுவலகத்துக்குப் படத்தோடு எழுதி, எந்தப் பாறை என்று சொல்லிவிடுங்கள். வீடியோவில் போட்டிருக்கும் இடக்குறியை இன்றைக்கே எடுங்கள். கோனோஃபைட்டத்தைத் தோண்டி விற்கும் கும்பல்கள் இந்த மாதிரிக் குறிகளைத்தான் தேடுகின்றன. ஆகஸ்ட், செப்டம்பரில் பூ பார்க்கக் கூட்டம் வேறு வந்துவிடும்.