தொடரும் போடாத புத்தகம்

சார்: அண்ணாச்சி, இது என் புத்தகம் இல்லையே.

பைண்டர்: உங்களுடையதுதான் சாரே. அடையாளம் தெரியாத அளவுக்கு நன்றாக வந்திருக்கிறது, அவ்வளவுதான். சிவப்பு காலிகோ, உள்ளே மார்பிள் பேப்பர், முதுகில் நூல் தையல். இனி பேரன் காலம்வரை ஒரு தாள் அசையாது.

சார்: அட்டையைச் சொல்லவில்லை. கப்பல் டைரி இதில் முடிந்துவிடுகிறதே?

பைண்டர்: இப்போது முடிகிறது. நீங்கள் கொண்டுவந்தபோது முடியவில்லை.

(நாகர்கோவில் மணிமேடையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு சந்து. மகளின் ரெக்கார்டு நோட்டை வாங்கப் போன என்னை, பசை காயட்டும் என்று ஸ்டூலில் உட்கார வைத்திருந்தார்கள். ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது.)

சார்: அய்யோ! பிரித்து மாற்றி அடுக்கிவிட்டீர்களா?

பைண்டர்: பின்னே? பசை விட்டு எல்லாம் தனித்தனித் தாளாகப் பையில் போட்டுக் கொண்டுவந்தீர்கள். தட்டி அடுக்கும்போது பார்க்கிறேன், டைரி பாதியில் நிற்கிறது. அத்தியாயத்தில் பாதி என்றால்கூடப் போகட்டும், வாக்கியத்தில் பாதி! முற்றுப்புள்ளிகூட இல்லை. அடுத்தது யாரோ யாருக்கோ எழுதிய கடிதம். அதுவும் பாதி. அப்புறம் ஒரு துப்பறியும் கதை, பாதி. நட்டநடுவில் ஒன்று மட்டும் முழுசு. சரி, அச்சாபீசில் பாரம், அதாவது சேர்த்து அச்சடித்து மடிக்கிற பக்கக் கட்டு, மாறிவிட்டது என்று புரிந்தது. பின்னால் தேடினால் எல்லாவற்றுக்கும் மறுபாதி கிடக்கிறது, அதுவும் தலைகீழ் வரிசையில். தலைப்பைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தேன். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு வராது. ஆனால் பள்ளிக்கூடத்தில் 'பொருத்துக' கேள்வியில் ஒரு மார்க்கும் விட்டதில்லை.

சார்: அண்ணாச்சி...

பைண்டர்: இதற்குக் காசு சேர்க்கவில்லை. பைண்டிங் நூற்றெண்பது மட்டும்தான்.

சார்: பாரமெல்லாம் மாறவில்லை. எழுதியவரே அப்படித்தான் எழுதினார். டேவிட் மிட்செல் என்று ஒரு இங்கிலாந்துக்காரர். 'கிளவுட் அட்லஸ்' என்று பெயர், 2004இல் வந்தது. ஆறு கதை, ஆறு காலம், ஆறு வகை. ஐந்தைப் பாதியில் நிறுத்திவிட்டு ஆறாவதை மட்டும் முழுசாகச் சொல்வார். அப்புறம் ஐந்து, நான்கு, மூன்று என்று வந்த வழியே இறங்கி முதல் கதையில் கொண்டுவந்து விடுவார்.

பைண்டர்: வேண்டுமென்றேவா?

சார்: வேண்டுமென்றே.

பைண்டர்: வாக்கியத்தை நடுவில் வெட்டியதும்?

சார்: அதுவும்.

பைண்டர்: நம்பிவிட்டீர்கள், பாவம். எங்கள் தொழிலில் பக்கம் மாறிப்போனால், ஆசிரியர் அப்படித்தான் கேட்டார் என்று நாங்களும் சொல்வோம்.

சார்: உலகமே கொண்டாடிய நாவல் அண்ணாச்சி இது!

பைண்டர்: கொண்டாடட்டும். சரிசெய்த பிரதி இங்கே ஒன்றுதான் இருக்கிறது. காசு சேர்க்கவில்லை.

சார்: ஒவ்வொன்றும் ஒவ்வொரு ருசி. முதலில் 1850 வாக்கில் பசிபிக் கடலில் போகிற ஒரு நோட்டரியின் டைரி. அடுத்து 1931, பெல்ஜியம். காசில்லாத ஒரு இசைக்காரப் பையன் நண்பனுக்கு எழுதும் கடிதங்கள். அப்புறம் 1970களில் கலிஃபோர்னியாவில் அணு உலையைப் பற்றித் துப்பறியப் போகிற ஒரு பத்திரிகைக்காரி.

பைண்டர்: அணு உலைக்கு எதற்கு சாரே கலிஃபோர்னியா? கூடங்குளத்துக்கு வடசேரியில் பஸ் ஏறினால் போதும்.

சார்: அடுத்தது கேளுங்கள். ஒரு கிழட்டுப் பதிப்பாளரை ஏமாற்றி முதியோர் இல்லத்தில் மாட்டிவிடுகிறார்கள். வெளியே வர முடியவில்லை. விழுந்து விழுந்து சிரித்தேன்.

பைண்டர்: பதிப்பாளரைப் பூட்டிவைக்கும் கதையா? அதையல்லவா முதலில் வைத்திருக்க வேண்டும். தெரிந்திருந்தால் வைத்திருப்பேன்.

சார்: அதற்குப் பிறகு எதிர்காலக் கொரியா. ஆலையில் பொருள் செய்வதுபோல உருவாக்கிய ஒரு பெண்ணிடம் வாக்குமூலம் வாங்குகிறார்கள், முழுக்கக் கேள்வியும் பதிலும். கடைசியாக, உலக நாகரிகமெல்லாம் அழிந்துபோன பிறகு ஹவாய்த் தீவில் ஒரு கிழவன் சொல்லும் கதை. மொழியே சிதைந்து கிடக்கும். முதல் பத்துப் பக்கம் ஒரு மண்ணும் புரியவில்லை. அப்புறம் வாய்விட்டு வாசித்தேன், பிடிபட்டுவிட்டது. தக்கலை பஸ்ஸில்தான். பக்கத்தில் இருந்தவர் எழுந்து கம்பியைப் பிடித்து நின்றுகொண்டார்.

பைண்டர்: இடம் இருந்தும் நின்றாரா?

சார்: ஆமா.

பைண்டர்: நல்ல மனுஷன். கண்டக்டரிடம் சொல்லவில்லையே.

சார்: அண்ணாச்சி, அவியல் வைத்தால் முருங்கைக்காய் தனி, சேனை தனி, வாழைக்காய் தனி என்று பிரித்தா பரிமாறுவோம்? கலந்து கிடப்பதுதானே அவியல்?

பைண்டர்: கலந்துதான் கிடக்கும். அதற்காக எல்லாக் காயையும் அரைவேக்காட்டில் இலையில் போட்டுவிட்டு, பாயசத்துக்கு அப்புறம் மீதி வேக்காட்டைக் கொண்டுவருவோமா?

சார்: சரி, அதை விடுங்கள். குமரிமுனையில் மூன்று கடல் சேரவில்லையா?

பைண்டர்: சேருகிறது. போர்டும் வைத்திருக்கிறான். போர்டை எடுத்துவிட்டுப் பாருங்கள், இந்த அலை எந்தக் கடல் என்று வள்ளுவருக்கே தெரியாது. நான் சொல்வதும் அதுதான், உங்கள் ஆள் போர்டு வைக்கவில்லை.

(நியாயமாகப் பார்த்தால் சார்தான் சரி. ஆனாலும் அந்த நேரத்தில் வாக்குப்பெட்டி இருந்திருந்தால் நான் பைண்டருக்குத்தான் போட்டிருப்பேன். மூன்று கடல் என்ற உவமையைக் கேட்டுக் கேட்டு இந்த மாவட்டத்துக்காரர்களின் காதே உப்பிப் போயிருக்கிறது.)

சார்: இந்த மாதிரி பாதியில் நிறுத்துவது புதிதும் இல்லை. மிட்செலுக்கே இதாலோ கால்வினோ என்ற இத்தாலிக்காரரிடமிருந்து பிடித்த பொறிதான் இது. 1979இல் அவர் ஒரு நாவல் எழுதினார். கதை ஒவ்வொன்றும் தொடங்கும், சூடுபிடிக்கும், நின்றுவிடும். ஒன்றும் முடியாது. அப்படி நின்றதற்கெல்லாம் மறுபாதி கொடுத்தால் எப்படி இருக்கும் என்று இவர் யோசித்தார்.

பைண்டர்: அந்த இத்தாலிக்காரர் ஏன் நிறுத்தினாராம்?

சார்: அது... முதல் கதையில் 32ஆம் பக்கத்துக்கு அடுத்து மறுபடியும் 17ஆம் பக்கம் வந்துவிடும்.

பைண்டர்: எப்படி வரும்?

சார்: பைண்டிங்கில் தப்பு.

பைண்டர்: நினைத்தேன்! இத்தாலிவரை வந்துவிட்டார்களா? எழுதுகிறவர் தூங்கினால் பைண்டர். புரூஃப் பார்க்கிறவர் தூங்கினால் பைண்டர். சாரே, ஒரு பாரத்துக்கு 16 பக்கம். 32க்கு அப்புறம் 17 வருகிறதென்றால் இரண்டாம் பாரத்தை இரண்டு தடவை அடுக்கியிருக்கிறான். அது அடுக்குகிற பையன் செய்த வேலை. தைக்கிறவன் கையில் கொடுத்ததைத் தைத்தான். அந்தப் புத்தகத்தைக் கொண்டுவாருங்கள், அதையும் சரிசெய்து தருகிறேன்.

சார்: வேண்டாம்!

பைண்டர்: காசு வேண்டாம் என்கிறேன்.

சார்: அதனால்தான் பயமாக இருக்கிறது.

பைண்டர்: ஒன்று சொல்லட்டுமா? முப்பத்தைந்து வருடமாக இந்த மேசையில் நிற்கிறேன். வருவதெல்லாம் காலேஜ் புராஜெக்ட்தான். போன வருடம் ஒன்றில் மூன்றாம் அத்தியாயத்தை இரண்டு தடவை வைத்துத் தைத்துவிட்டேன். கொடுத்து அனுப்பிய பிறகுதான் கீழே கிடந்த நான்காம் அத்தியாயத்தைப் பார்த்தேன். ராத்திரி தூக்கம் இல்லை. எழுதின பையன் வருவான், கையெழுத்துப் போட்ட பேராசிரியர் வருவார் என்று ஒரு மாதம் காத்திருந்தேன்.

சார்: யார் வந்தது?

பைண்டர்: பையன் வந்தான். லட்டு கொடுத்தான். பாஸாகிவிட்டானாம்.

(என் மகளின் ரெக்கார்டு அந்த மேசையில்தான் கனத்த இரும்புக்கட்டிக்கு அடியில் இருந்தது. நான் சந்தைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.)

பைண்டர்: பக்கம் மாறியிருக்கிறது என்று சண்டைக்கு வந்த முதல் ஆள் நீங்கள்தான். அதற்காகவே பத்து ரூபாய் குறைத்துக்கொள்ளலாம்.

சார்: குறைக்க வேண்டாம், பழையபடி மாற்றிக் கொடுங்கள். உங்களிடம் மறைப்பானேன், இந்தப் புத்தகத்தில் ஒரு உண்மையான குளறுபடியும் நடந்திருக்கிறது. மார்ட்டின் ஈவ் என்ற ஆய்வாளர் 2016இல் எழுதினார். இங்கிலாந்துப் பதிப்பும் அமெரிக்கப் பதிப்பும் பல இடங்களில் வேறுவேறு. அமெரிக்காவில் இதைப் பார்த்துக்கொண்டிருந்த எடிட்டர் வேலையை விட்டுப் போய்விட்டார். பிரதி கேட்பாரில்லாமல் சில மாதம் கிடந்தது. அதற்குள் இங்கிலாந்தில் செய்த திருத்தம் அங்கே போய்ச் சேரவில்லை.

பைண்டர்: ஆக, கோளாறு உண்டு.

சார்: அது வேறு கோளாறு!

பைண்டர்: எடிட்டர் கோளாறு. அதைச் சொல்ல ஆராய்ச்சி நடத்தி மெதுவாக, மரியாதையாகச் சொல்கிறார்கள். பைண்டர் என்றால் மட்டும் முதல் அத்தியாயத்திலேயே எழுதிவிடுகிறார்கள்.

சார்: நீங்கள் அந்தக் காலத்துத் தொடர்கதைகளெல்லாம் தைத்திருக்கிறீர்கள்தானே?

பைண்டர்: அது அப்பா காலம். பொன்னியின் செல்வன் கல்கியில் 1950இல் தொடங்கி 1954 வரை வந்தது. வீட்டுக்கு வீடு வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, சணல் கட்டிக் கொண்டுவருவார்களாம். அது எத்தனை தடவை பாதியில் நின்றிருக்கும்! ஒருவராவது கோபப்பட்டாரா? ஏன் படவில்லை? கீழே 'தொடரும்' என்று போட்டார்கள் சாரே. பாதியில் எழுந்து போகிறவன், இதோ வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டாமா? அதுதான் முறை.

சார்: அந்தத் தாளைத் திருப்பினால் என்ன இருக்கும்?

பைண்டர்: என்னமாவது இருக்கும். தைல விளம்பரம், ஒரு ஜோக்கு, வேறு ஏதாவது கதையின் வால். எங்கள் வீட்டில் ஒரு பழைய பைண்டு கிடந்தது. ஒரு தாளின் முதுகில் கொலைக் கதை ஒன்று அரைப் பக்கம். "விளக்கை அணைத்தது யார்" என்பதோடு தாள் முடிந்துவிடும். அம்மா சமையல்கட்டில் உட்கார்ந்து ராஜா கதையை விட்டுவிட்டு அந்த அரைப் பக்கத்தைத்தான் திரும்பத் திரும்ப வாசிப்பாள். யாராக இருக்கும் என்று எங்களைக் கேட்பாள். ஆளுக்கொரு பெயர் சொல்வோம். கடைசிவரை தெரியவில்லை.

சார்: அதேதான் அண்ணாச்சி! அந்த ருசிதான் இது.

பைண்டர்: அது ருசியா? எரிச்சல்.

சார்: இரண்டும்தான். இந்த இசைக்காரப் பையன் இருக்கிறானே, இரண்டாவது கதைக்காரன். அவன் தங்கியிருக்கும் வீட்டில் ஒரு பழைய புத்தகம் அகப்படுகிறது. அட்டை இல்லை, தையல் விட்டுப்போய்ப் பாதிதான் இருக்கிறது. அது என்னவென்றால், நாம் வாசித்த அதே கப்பல் டைரி. நமக்கு நின்ற இடத்தில்தான் அவனுக்கும் நிற்கிறது. மறுபாதி கிடைக்குமா என்று கிடந்து தவிக்கிறான்.

பைண்டர்: தையல் விட்ட புத்தகமா? ஏன், அந்த ஊரில் பைண்டர் இல்லையா?

சார்: இப்படியே போகும். அவன் கடிதங்கள் பத்திரிகைக்காரிக்குக் கிடைக்கும். அவள் கதை கைப்பிரதியாகப் பதிப்பாளரிடம் வரும். அவர் பாடு சினிமாவாகிக் கொரியாப் பெண் பார்ப்பாள். ஒருத்தர் கதை அடுத்தவர் கையில்.

பைண்டர்: அதெல்லாம் இருக்கட்டும். மறுபாதி கிடைத்ததா?

சார்: கிடைத்தது. கட்டில் ஆடாமல் இருக்க ஒரு காலுக்கு அடியில் முட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

பைண்டர்: புத்தகத்தையா! கட்டில் காலுக்கா!

சார்: ஆமா. அவன் கைக்கு அது வந்த பிறகுதான் நமக்கும் டைரியின் மீதி வருகிறது. புத்தகத்தின் கடைசிப் பகுதியே அதுதான். நீங்கள் அதை முதலிலேயே சேர்த்துத் தைத்துவிட்டீர்கள். இப்போது அவன் பாட்டுக்குத் தேடிக்கொண்டிருப்பான், நாம் எல்லாம் தெரிந்துகொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருப்போம்.

(பைண்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். சிவப்பு காலிகோவை ஒருமுறை தடவிப் பார்த்தார். பசைச் சட்டியை மூடி வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, அவன் தேடினால் இவருக்கென்ன என்று கேட்பதுபோலப் பார்த்தார். எனக்கும் பதில் தெரியவில்லை. இழுப்பறையைத் திறந்து கத்தியை எடுத்தார்.)

பைண்டர்: வெள்ளிக்கிழமை வாங்க.

சார்: ரொம்ப நன்றி அண்ணாச்சி.

பைண்டர்: நன்றி இருக்கட்டும். சரிசெய்ததற்குக் காசு வாங்கவில்லை. கெடுப்பதற்கு நூறு ரூபாய்.

சார்: தருகிறேன்.

பைண்டர்: ஐந்து கதையும் நிற்கிற இடத்தில் அடியில் 'தொடரும்' என்று ஒரு சீட்டு ஒட்டிவிடுகிறேன். அதற்குக் காசு வேண்டாம்.