எம்.பி.3-ஐ ஃபிளாக்காக மாற்றினால் ஒலி தெளிவாகுமா?

'பழைய 128 கே.பி.பி.எஸ். எம்.பி.3 பாட்டை ஃபிளாக்காக மாற்றினால் ஸ்டுடியோ தரம் கிடைக்கும்' என்றொரு தகவல் சுற்றுகிறது. (ஃபிளாக் என்பது ஒலியை இழப்பின்றிச் சுருக்கிச் சேமிக்கும் கோப்பு வகை; கே.பி.பி.எஸ். என்பது நொடிக்கு எத்தனை கிலோபிட் தரவு என்ற அளவு.) தவறு.

4 நிமிடப் பாட்டு 128-ல் சுமார் 3.8 மெகாபைட் இருக்கும், ஃபிளாக்காக்கினால் அது பல மடங்கு ஊதும், அவ்வளவுதான். எம்.பி.3 ஆக்கும்போது 'காதுக்குத் தெரியாது' என்று கழித்துக்கட்டிய ஒலி திரும்பி வராது. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து ஸ்பெக்ட்ரோகிராம் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படம்) பாருங்கள்: ஒலி பெரும்பாலும் 16 கிலோஹெர்ட்ஸ் அருகே கத்தரித்தாற்போல் நின்றிருக்கும். அதையே 320 கே.பி.பி.எஸ். எம்.பி.3 ஆக்குவது இன்னும் மோசம், மறுபடியும் ஒரு சுற்று இழப்பு.

'வித்தியாசம் தெரியுதே' என்பவர்கள் இரண்டையும் ஒரே சத்த அளவில், எது எதுவென்று தெரியாமல் கேட்கட்டும். 1 டெசிபல் கூடினாலே தரம் கூடியதாகத் தோன்றும். நிஜமாகவே தரம் வேண்டுமானால் சிடியிலிருந்து நேரடியாக ஃபிளாக் எடுங்கள். மூலப்பதிவே இரைச்சலாக இருந்தால் ஃபிளாக் அந்த இரைச்சலையும் அப்பழுக்கில்லாமல் காப்பாற்றும்!